பறியை விட்ட நாள்

சபையார் எல்லாருக்கும் எஸ்தரின் வணக்கம். எழுந்து பேசும்படி உபதேசியார் என்னிடம் சொல்லிப் பல வாரமாகிறது. ஒவ்வொரு முறையும் இருமலைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இன்றைக்கு இருமல் இல்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் வீட்டுக்காரரை ஏரி கொண்டுபோனது. நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். அவர் கூப்பிடவில்லை.

கோட்டைத் தெருவிலிருந்து வருகிற உங்களில் சிலருக்கு எங்கள் வேலை தெரியாது. பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற எங்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. ஆணும் பெண்ணும் வரிசையாக ஏரிக்குள் இறங்கி, மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்போம். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வோம். பறி முதுகுப் பக்கம் மிதந்துகொண்டே வரும். வாயைத் திறந்தால் பறி போய்விடும், அன்றைய பிடிப்பும் போய்விடும். அதனால் ஏரிக்குள் யாரும் பேசமாட்டோம். பறியை விட்டவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கூட முதலில் பறியைக் கவ்வத்தான் பழக்குவோம். தடவுவதெல்லாம் அப்புறம்.

அந்த வருஷம் மழை கொட்டி முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடுகிற நேரத்தில் அங்கே இறால் அள்ள அள்ள வரும். ஆசையில் எல்லாரும் போனோம். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் இருந்தார். நான் குனிந்து ஒரு இறாலைப் பிடித்துப் பறியில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவர் இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. புதிதாக அறுத்துக்கொண்டு ஓடிய பள்ளத்தில் கால் வைத்திருக்கிறார்.

மறுநாள் மணல்திட்டில் ஒதுங்கினார். பறியின் கயிறு அவர் பல்லுக்கு நடுவிலேயே இருந்தது.

ஊர் அவரை மெச்சியது. "கடைசி வரிக்கும் பறிய விடலியே, அவன்டா ஆளு" என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என்னை அறுத்தது. ஒரு பறி இறாலுக்காகவா என்னைக் கூப்பிடாமல் போனார்? ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் ஓடியிருப்பேனே. என் மகள் ராகேல் அப்போது பால் பல் விழுகிற வயது. அவளும் அதையேதான் கேட்டாள். "நைனா ஏம்மா உன்ன கூப்பிடல?"

அதற்கப்புறம் என்னால் ஏரிக்குள் இறங்க முடியவில்லை. முழங்கால் நனைந்ததும் பல் இறுகிக்கொள்ளும். கோவிலிலும் அப்படித்தான். நம் உபதேசியாரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவர் ஜெபம் செய்தால் கூரைமேல் இருக்கிற காக்கை பறந்துவிடும். "வாயத் தொறந்து கேளும்மா, கேட்டாத்தான் கெடைக்கும்" என்பார். நான் முழங்கால்படியிட்டு வாயைத் திறக்கப் பார்ப்பேன். தாடை அசையாது. பயத்தை எடுத்துப் போடுங்கள் ஆண்டவரே என்று மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு எழுந்து வருவேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றே முடிவுகட்டினேன்.

என் நாத்தனார் கங்கம்மா நல்ல மனுஷி. இன்றுவரை அவள் நம் கோவிலுக்கு வந்ததில்லை, அவளுக்கு அவளுடைய அம்மன் இருக்கிறாள். ஆனால் அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அவளால்தான். தன் பிடிப்பில் பாதியைக் கொண்டுவந்து என் வாசலில் கொட்டிவிட்டு, "இன்னாமே, நாளைக்காவது வருவியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவளுக்கும் பிள்ளைகள் உண்டு. எத்தனை நாள் செய்வாள்?

என் கொழுந்தன் முனியன் ஒரு நாள் வந்து உட்கார்ந்தான். கோட்டைக்குள் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணிக்கு எடுபிடி வேலைக்குப் பெண்பிள்ளை வேண்டுமாம். அந்தக் குடும்பம் வாடைக்காற்று காலத்தில் கப்பல் ஏறப்போகிறதாம். "ராகேல அனுப்பிடலாம் அண்ணி. சோறாவது துன்னும். நீ தண்ணியில எறங்காம எவ்ளோ நாளு பொழப்ப?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. வேறு வழி தெரியாமல் பேசினான். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கப்பல் ஏறுவதற்குள் நான் ஏரிக்குள் இறங்கிப் பிழைத்துக் காட்டினால் பிள்ளை என்னோடு இருப்பாள். இல்லையென்றால் போய்விடுவாள். இதுதான் என் நிலைமை.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மாள் எங்கள் குடிசையைத் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேலை, நரைத்த தலை. துரைசாணி வீட்டில் வேலை செய்கிறவர், பெயர் சுமனா. பிள்ளையைப் பார்த்துவர அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து நான் ராகேலை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளையைக் குடுக்காத" என்றார். "நானும் இந்த வயசிலதான் இலங்கையில கப்பல் ஏறினன். என்ட அம்மாவை அதுக்குப் பிறகு காணல்ல."

அவர் சிங்களத்தி. தமிழை யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் கற்றவர். வார்த்தைக்கு வார்த்தை எண்டு, எண்டு என்பார். நானும் ராகேலும் பிறகு அவரைக் கேலி செய்து சிரித்ததுண்டு. அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

சுமனா அக்கா புத்தரைக் கும்பிடுகிறவர். இங்கே அவர்களுக்குக் கோவில் கிடையாது, கூட்டாளியும் கிடையாது. பௌர்ணமி அன்று மட்டும் துரைசாணியிடம் கேட்டுக்கொண்டு வருவார். நண்பகலுக்கு மேல் சாப்பிடாமல் ஏரிக்கரைப் புன்னை மரத்தடியில் கண்ணை மூடி உட்காருவார். சின்ன வயதில் அவருடைய அம்மா பழக்கியதாம். கப்பல் அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

"நானும் உக்காரலாமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு பயம் வந்தது. நேரே உபதேசியாரிடம் போய், புத்தரைக் கும்பிடுகிற அம்மாளோடு உட்காரலாமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். "போய் உக்காரு. உக்காந்த எடத்துல நம்ம ஆண்டவரு இருக்காரா இல்லியான்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு" என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்படித்தான் உட்கார ஆரம்பித்தேன். அக்கா சொல்லித் தந்தது சின்ன விஷயம். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டிரு. பயம் வந்தால் அதை விரட்டாதே, இது பயம், வந்திருக்கிறது என்று அறிந்துகொள். பிறகு உனக்கு நல்லது வரட்டும் என்று நினை. உன் மகளுக்கு, உன் ஆட்களுக்கு வரட்டும் என்று நினை. கடைசியில் உனக்குப் பிடிக்காத ஆளுக்கும் வரட்டும் என்று நினை.

பிடிக்காத ஆள் என்றதும் முனியன் வந்து நின்றான். அவனுக்கு நல்லது நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பகைக்கிறவர்களுக்காக ஜெபம் பண்ணும்படி நம் ஆண்டவரும் சொல்லியிருக்கிறார், பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். கேட்டது காதோடு நின்றிருக்கிறது. புன்னை மரத்தடியில், வேறு சாமி கும்பிடுகிற ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான், முனியன் பெயரை முதன்முதலாக ஆண்டவரிடம் சொன்னேன். கசந்துகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

எல்லாவற்றிலும் நாங்கள் ஒத்துப்போனோம் என்று நினைக்காதீர்கள். சண்டையும் போட்டோம். ஆசை வைப்பதால்தான் துக்கம் வருகிறது என்று ஒரு நாள் அக்கா சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"அப்போ எங்க வீட்டுக்காரர் மேல நான் ஆச வச்சது தப்பாக்கா?"

அக்கா, "தப்பு எண்டு சொல்லல்ல. நோகும் எண்டுதான் சொன்னன்" என்றார்.

"எங்க ஆண்டவரும் ஆச வச்சாரு. நொந்துதான் செத்தாரு."

"அப்ப அவருக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு நாள் நான் கேட்டேன், "எல்லாருக்கும் நல்லது வரட்டும்னு சொல்றீங்களே, அத யாராண்டக்கா சொல்றீங்க?"

"ஒருத்தரிட்டயும் இல்ல. என்ட மனசு கல்லாப் போகாம இருக்கச் சொல்றன்."

"எனக்கு ஒருத்தர் வேணும்க்கா. கேக்கறதுக்கு ஒருத்தர் வேணும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப கூப்பிடன். நான் வேணாம் எண்டா சொன்னன்?"

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அதுவரை நான் ஆண்டவரிடம் பயத்தை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, அவர் பக்கத்தில் சும்மா இருந்ததில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில், நான் ஒன்றும் கேட்காத நேரத்தில், அவர் இருந்தார். உபதேசியாரிடம் போய், "இருக்காரு ஐயா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா கரையில் உட்கார்ந்திருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போகப் பழகினேன். முழங்காலிலிருந்து இடுப்பு. இடுப்பிலிருந்து மார்பு. பயம் போகவில்லை. நானும் அதுவுமாகப் போனோம்.

ஐப்பசி மழை விட்டது. முகத்துவாரம் மறுபடியும் உடைத்துக்கொண்டது. துரைசாணியின் பெட்டிகள் தோணியில் ஏறத் தொடங்கிவிட்டன. மறுநாள் காலையில் ராகேலைக் கூட்டிப்போக வருவதாக முனியன் சொல்லிவிட்டுப் போனான். அதனால் மறுநாள் அவன் வருவதற்குள், விடிந்ததுமே நான் பறியைக் கவ்விக்கொண்டு வரிசையில் நின்றேன். கங்கம்மா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாமே" என்று தன் இடத்தை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நன்றாகத்தான் பிடித்தேன். கை மறக்கவில்லை. பறி கனத்துக்கொண்டே வந்தது. இதை முனியன் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முன்னால் போனேன்.

காலுக்குக் கீழே சேறு இல்லாமல் போனது.

தண்ணீர் என்னை முகத்துவாரத்தின் பக்கம் இழுத்தது. தலை உள்ளே போனது, வெளியே வந்தது. கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. கங்கம்மா குனிந்து நிற்பதும் தெரிகிறது. வாய் திறக்கவில்லை. பல் கயிற்றின்மேல் இறுகிவிட்டது. இறாலை நான் நினைக்கவே இல்லை. பறி போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனாலும் தாடை என் பேச்சைக் கேட்கவில்லை. பயம் அதைப் பூட்டிவிட்டது.

அந்த இடத்தில்தான், சபையாரே, என் வீட்டுக்காரர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அவர் என்னை விட்டுவிட்டுப் பறியைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் இதேதான் நடந்திருக்கிறது. அவர் என்னைக் கூப்பிடத்தான் பார்த்திருக்கிறார். அவரால் முடியவில்லை. ஊர் மெச்சியதும் பொய், நான் நொந்ததும் பொய். அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தது ஒரு நொடியில் கரைந்தது.

அடுத்த முறை தலை வெளியே வந்தபோது மூக்கால் ஒரு மூச்சு இழுத்தேன். இது பயம், வந்திருக்கிறது என்று உள்ளே சொன்னேன். மூச்சை விட்டேன். தாடை தளர்ந்தது. பறி நழுவிப்போனது. வாயைத் திறந்து, "இயேசப்பா!" என்று கத்தினேன். பல மாதமாக என் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்த சத்தம் முழுவதும் அதில் வெளியே வந்தது.

கங்கம்மா நிமிர்ந்தாள். அவளும் பறியை விட்டாள். அவள் அலறலைக் கேட்டு வரிசை முழுவதும் வாயைத் திறந்தது. கையோடு கை கோத்துச் சங்கிலிபோல நின்று என்னை இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையில் ஒருவரிடமும் பறி இல்லை. எல்லாம் கடலுக்குப் போய்விட்டன.

கரையில் கிடந்து இருமிக்கொண்டே அழுதேன். உயிர் இருந்தது, ஆனால் பறி இல்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறேன். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேட்பேன்? சத்தம் கேட்டு முனியன் ஓடிவந்து நின்றான். பறியை விட்டவளே என்றுதான் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான்.

"கேட்டுச்சு அண்ணி. நீ கூப்பிட்டது ஊட்டாண்ட வரிக்கும் கேட்டுச்சு. எங்கண்ணன் இப்டி ஒரு சத்தம் போட்டிருந்தா..."

"அவரு போடத்தான் பாத்தாரு. வாயி வரல. எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன்.

அண்ணன் செத்த நாளில் இருந்து அவனும் அதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறான், எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு, "ராகேல் எங்கியும் போவல. நான் இருக்கேன், கங்கம்மா அக்கா இருக்குது. பாத்துக்கலாம்" என்றான். கங்கம்மா தலையில் இருந்த பாசியைப் பிழிந்துகொண்டே, "மொதல்ல பறி முடைங்கடா. நாளைக்கு எதுல பிடிக்கறது?" என்றாள். அந்த நிலைமையிலும் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

ராகேலிடம் அன்று மாலையே சொன்னேன். "நைனா கூப்பிடப் பாத்தாரு கண்ணு." அவள் தலையை ஆட்டிவிட்டு என் மடியில் தூங்கிப்போனாள்.

சுமனா அக்காவைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. துரைசாணி போகிற இடத்துக்கு அவரும் போகவேண்டும், அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தோணித்துறையில் வைத்து அவரிடம் கேட்டேன், "என்னக் காப்பாத்துனது நீங்க சொல்லிக்குடுத்த மூச்சாக்கா, எங்க ஆண்டவரா?"

"எனக்குத் தெரியாது. நீ கரையில நிக்கிற. எனக்கு அது போதும்."

எனக்குத் தெரியும். அந்த மூச்சைத் தந்தவரும் ஆண்டவர்தான், அந்த அம்மாளை என் வாசலுக்கு அனுப்பியவரும் அவர்தான். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தோணியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உன்ட ஆண்டவரிட்ட என்ட பேரையும் சொல்லு."

"நீங்கதான் யாராண்டயும் சொல்றதில்லியேக்கா."

"நான் சொல்றதில்ல. நீ சொல்லு."

இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் எங்கே இறங்கினார், எப்படி இருக்கிறார், ஒன்றும் எனக்குத் தெரியாது. பௌர்ணமி வந்தால் நானும் ராகேலும் புன்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவோம். சுமனா அக்காவைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்வோம்.

நான் கேட்டது பயம் போகவேண்டும் என்று. அது போகவில்லை. இன்றைக்கும் ஏரிக்குள் இறங்கினால் அது என்னோடு இறங்குகிறது. ஆண்டவர் எனக்கு வேறு பலவற்றைத் தந்தார். என் வீட்டுக்காரர்மேல் இருந்த கசப்பை எடுத்தார். என் மகளை என்னிடம் விட்டுவைத்தார். கொழுந்தனைத் தம்பியாக்கினார். இப்போது எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எல்லாரும் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். பிடிப்பு கொஞ்சம் குறைகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆண்டவருக்கு நன்றி சொல்லி உட்காரப்போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. கடைசி வரிசையில் இருக்கிற அம்மா, போன மாதம் மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு எல்லாரும் பாடும்போது உங்கள் வாய் அசையவில்லை, நான் பார்த்தேன். உங்களுக்காகத்தான் எழுந்தேன். வாயைத் திற என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். மூச்சை மட்டும் விடுங்கள். அவர் அதையும் கேட்கிறவர். இதோ, நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள்.